மருந்துச் சீட்டில் எழுதாத மாடு, பன்றி, குதிரை

புரட்டாசி முழுக்கக் கறி, மீன், முட்டை எதையும் தொடாத வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த மாதத்திலும் ஞாயிற்றுக்கிழமையானால் 60,000 யூனிட் வைட்டமின் டி கேப்சூல் ஒன்று உள்ளே போய்விடும். மூட்டு வலி, அசதி என்று போனவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது; வாரம் ஒன்று, எட்டு வாரம். அந்தக் கேப்சூலின் மெத்தென்ற உறை பெரும்பாலும் மாட்டின் எலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ எடுத்த ஜெலட்டின். உள்ளே இருக்கும் டி3 பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பசையிலிருந்து செய்தது. விழுங்குகிறவருக்கு இது தெரியாது. எழுதிக் கொடுத்த டாக்டரும் அநேகமாக யோசித்திருக்க மாட்டார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அதிலும் இருக்காது.

டாக்டர் சீட்டில் எழுதும் மருந்துகளில் விலங்குப் பொருள் சேருகிறதா என்று கேட்டால், சேருகிறது, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே சேருகிறது. ஆனால் எல்லா மருந்தையும் ஒரே கணக்கில் எழுத முடியாது. சிலவற்றில் விலங்குப் பொருள் வெறும் உறையாகவோ பசையாகவோ இருக்கிறது. மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எடுத்துவிட்டு வேறொன்றைப் போடலாம். சிலவற்றில் அந்த விலங்குப் பொருள்தான் மருந்தே. அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் தண்ணீர். முதல் வகையை நோயாளிக்குச் சொல்லாமல் வைத்திருக்க எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது வகையில் சொல்வதா வேண்டாமா என்பது உண்மையிலேயே சிக்கலான கேள்வி. நம் நாட்டு விதிகள் இரண்டையும் ஒரே மூடியால் மூடிவிட்டன. என் குறை அதுதான்.

ஜெலட்டினில் தொடங்கலாம். அதிகம் பேரின் உடலுக்குள் போவது அது. இந்தியாவில் மருந்துக்கான ஜெலட்டின் பெரும்பாலும் மாடு, எருமை எலும்பிலிருந்து வருகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பன்றித் தோலும் பெருமளவில் பயன்படுகிறது. இறைச்சிக்கூடங்களிலிருந்து வரும் எலும்பை நொறுக்கி, கொழுப்பை நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். எலும்பின் தாதுக்கள் கரைந்துபோய், வளையும் தன்மையுள்ள புரதம் மட்டும் மிஞ்சும். அதற்கு ஒசைன் என்று பெயர். ஒசைனைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் போட்டு வைத்து, கழுவி, வெந்நீரில் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தெடுத்தால் ஜெலட்டின். அமிலத்தில் கரைந்த பகுதியும் வீணாவதில்லை. அதை டைகால்சியம் பாஸ்பேட்டாகப் பிரித்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துக் காதிக்குடத்தில் ஒசைன் ஆலை இருக்கிறது. நம் கடலூர் சிப்காட்டிலும் ஜெலட்டின் தயாராகிறது. ஆக, இது எங்கோ வெளிநாட்டில் நடக்கிற சமாசாரம் இல்லை.

கேப்சூல் செய்யும் இடத்தில் வரிசையாக நிற்கும் எஃகுக் கம்பிகளைச் சூடான ஜெலட்டின் கரைசலில் முக்கியெடுத்து, காயவைத்து, உருவி, அளவாக வெட்டி, மூடியையும் அடிப்பாகத்தையும் பொருத்துகிறார்கள். ஜெலட்டின் கேப்சூலுக்கு 1834இலேயே பாரிஸில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அவ்வளவு பழகிய தொழில்நுட்பம். உடல் சூட்டில் கரையும், வயிற்றுக்குள் சில நிமிடங்களில் திறந்துகொள்ளும், விலையும் குறைவு. கம்பெனிகள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

மாற்று இருக்கிறது. ஹைப்ரோமெல்லோஸ் என்ற பொருள், சுருக்கமாக எச்.பி.எம்.சி. மரக்கூழிலோ பருத்தியிலோ இருக்கும் செல்லுலோஸிலிருந்து செய்வது. ஜெலட்டின் உறையில் 13 முதல் 16 சதவீதம் வரை நீர் இருக்கும். இதில் அதைவிட மிகக் குறைவு. ஈரம் பட்டால் கெட்டுப்போகும் மருந்துகளுக்கு இதுதான் மேல் என்றே சொல்லலாம். விலைதான் இடிக்கிறது. ஜெலட்டின் உறையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். ஒரு கேப்சூலுக்குப் பைசாக் கணக்குதான், ஆனால் கோடிக்கணக்கில் வாங்கும் அரசு ஆஸ்பத்திரி டெண்டரில் அந்தப் பைசாவே ஆளை நிராகரித்துவிடும். அப்போது மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி, ஜெலட்டின் கேப்சூலை எடுத்துவிட்டுச் செல்லுலோஸ் கேப்சூலுக்கு மாறச் சொல்லி 2016இல் சுகாதார அமைச்சகத்தை வலியுறுத்தினார். 2017இல் அமைச்சகம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அதற்குப் பிறகும் ஜெலட்டின் ஜெலட்டினாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் கட்டாயமாக மாற்ற வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். மருந்து விலை ஏறினால் முதலில் அடிபடுவது மாதச் சம்பளத்தில் பாதியை மெடிக்கல் ஷாப்பில் கொட்டுகிறவர்கள்தான்.

கேப்சூலில்தானே வில்லங்கம், மாத்திரை என்றால் சரி என்று நினைத்தால் அதுவும் முழுக்கச் சரியில்லை. மாத்திரைத் தூள் இயந்திரத்தில் ஒட்டாமலிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் சேர்ப்பார்கள். அது பாமாயிலிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். நிரப்பியாகப் போடும் லாக்டோஸ் பாலிலிருந்து வருவது. பால் குடிக்கும் நம் சைவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை, பால் உட்பட எந்த விலங்குப் பொருளையும் தொடாத வீகன்களுக்குத்தான். பளபளப்புக்கும், வயிற்றில் கரையாமல் குடலில் கரைய வேண்டிய பூச்சுக்கும் சில மருந்துகளில் அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்து மரங்களில் வாழும் பூச்சி சுரப்பது அது. சிவப்பு நிறத்துக்கு எப்போதாவது இன்னொரு பூச்சி, கோச்சினீல். பிரிட்டனில் பொது மருத்துவர்கள் அதிகம் எழுதும் 100 மருந்துகளை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அவற்றில் 74இல் ஜெலட்டின், லாக்டோஸ், மெக்னீசியம் ஸ்டியரேட் ஆகிய மூன்றில் ஒன்றாவது இருந்தது.

அந்த 60,000 யூனிட் விஷயத்துக்கு வருவோம். செம்மறியாட்டு ரோமத்தைக் கழுவும்போது லனோலின் என்ற பசை கிடைக்கும். அதிலிருந்து கொலஸ்டிராலைப் பிரித்து, வேதிமுறையில் மாற்றி, புற ஊதா ஒளியைக் காட்டினால் வைட்டமின் டி3. நம் தோலில் வெயில் படும்போது நடப்பதும் கடைசியில் இதே மாற்றம்தான். இதற்காக ஆட்டைக் கொல்ல வேண்டியதில்லை. பால் குடிப்பவர்கள் பலர் இதைச் சைவமாகவே ஏற்றுக்கொள்வார்கள். வேண்டாம் என்பவர்களுக்குக் கல்பாசி வகையிலிருந்து எடுத்த டி3 இருக்கிறது, ஈஸ்டிலிருந்து செய்த டி2 இருக்கிறது. கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும் நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் இன்னும் கொஞ்சம் நெருக்கமான கேஸ். அது வழக்கமாக மாட்டுப் பித்தநீரிலிருந்து எடுத்த அமிலத்தை மாற்றிச் செய்வது. கர்ப்ப காலத்தில் உடம்பெல்லாம் அரித்து, பித்தநீர் தேங்கியிருக்கிறது என்று சொல்லி இதை எழுதிக்கொடுக்கும்போது, எங்கிருந்து வந்தது என்று யாரும் பேசுவதில்லை.

இரத்த சோகைக்கான டானிக்கில் கால்நடை இரத்தத்தின் ஹீமோகுளோபினைச் சேர்த்து இந்தியாவில் விற்ற காலமும் உண்டு. பிறகு அரசு அதைத் தடை செய்தது.

இன்சுலின் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். 1921–22இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் அவர்களுடைய சகாக்களும் விலங்குக் கணையத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு உலகத்து நீரிழிவு நோயாளிகள் மாட்டையும் பன்றியையும் நம்பியே உயிர் வாழ்ந்தார்கள். மாட்டு இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து மூன்று அமினோ அமிலங்களில் வேறுபடும், பன்றி இன்சுலின் ஒன்றே ஒன்றில். 1982இல் பாக்டீரியாவுக்குள் மனித ஜீனை வைத்துத் தயாரித்த இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2003, 2004 வாக்கில் இந்தியக் கம்பெனிகளும் அதைத் தயாரித்து விற்க ஆரம்பித்தன. இறைச்சிக்கூடத்தை நம்பியிருந்த ஒரு மருந்து அதிலிருந்து விடுபட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. தேவை பெரிதாக இருந்தது, பணமும் இருந்தது, விஞ்ஞானமும் கைகொடுத்தது.

ஆனாலும் இதில் ஒரு மிச்சம் இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. நம் ஊரில் காலையும் இரவும் போட்டுக்கொள்ளும் 30/70 கலவை இன்சுலினில், மெதுவாக வேலை செய்யும் பகுதிக்கு ஐசோஃபேன் என்று பெயர். அது உடம்பில் நின்று நிதானமாகக் கரைவதற்காகப் புரோட்டமின் என்ற புரதத்தைச் சேர்த்திருப்பார்கள். அந்தப் புரதம் வழக்கமாக சால்மன் முதலிய மீன்களின் விந்தணுவிலிருந்து எடுப்பது. மனித இன்சுலின் என்று குப்பியில் போட்டிருந்தாலும் கூட ஒரு மீன் வருகிறது. இதற்கு நேர் எதிர் கேஸும் உண்டு. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் சால்மன் கால்சிடோனின் பெயரிலேயே மீனை வைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் ஆய்வகத்தில் செயற்கையாகவே செய்கிறார்கள். பெயரை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இன்சுலினில் மீன் வேண்டாம் என்பவர்களுக்குக் கிளார்ஜின் போன்ற, புரோட்டமின் இல்லாத நீண்டநேர இன்சுலின்கள் இருக்கின்றன. விலை கூடுதல், அளவும் நேரமும் மாறும் என்பதால் டாக்டர்தான் மாற்றித் தர வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளில் ஒரு வகை, சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுப்பது. 1942 முதல் அமெரிக்கச் சந்தையில் இருக்கிறது. தாவர மூலத்திலிருந்து செய்த எஸ்ட்ராடயால் தாராளமாகக் கிடைப்பதால் இதில் பெரிய இக்கட்டு எதுவும் இல்லை.

இக்கட்டு ஹெப்பாரினில்தான். டயாலிசிஸ், பைபாஸ், மாரடைப்பு, காலில் இரத்தக்கட்டி, எங்கே போனாலும் இரத்தம் உறையாமலிருக்க இந்த ஊசி. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் ஈரலை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் தொடங்கியது இது. பின்னால் மாட்டு நுரையீரலிலிருந்தும் பன்றிக் குடலின் உட்பூச்சிலிருந்தும் தயாரித்தார்கள். 1990களில் பிரிட்டனில் மேட் கவ் நோய் பரவியதும் மேற்கு நாடுகள் மாட்டைக் கைவிட்டுப் பன்றிக்கே மாறிவிட்டன. உலகத்தில் பன்றி அதிகம் சீனாவில். ஆகவே ஹெப்பாரின் மூலப்பொருளின் பெரும்பகுதியும் அங்கிருந்தே வருகிறது. கொரோனா காலத்தில் வார்டில் படுத்தவர்களுக்குத் தினமும் வயிற்றில் போட்ட எனாக்ஸாபாரின் ஊசி நினைவிருக்கும். பன்றிக் குடல் ஹெப்பாரினைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்ததுதான் அது. கர்ப்பிணிக்கு இரத்தக்கட்டி என்றால் பெரும்பாலும் இதைத்தான் போடுவார்கள், ஏனென்றால் வார்ஃபரின் மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய்விடும்.

மூலம் எங்கே என்பது வெறும் மத விஷயம் இல்லை என்பதற்கும் ஹெப்பாரின்தான் சாட்சி. 2007இல் சீனப் பன்றிகளிடையே ஒரு கொள்ளைநோய் பரவி மூலப்பொருள் தட்டுப்பாடானது. அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஊசி போட்டதும் இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்தது, மூச்சுத் திணறியது. ஆராய்ந்து பார்த்தால் ஹெப்பாரினில் கலப்படம். விலங்குக் குருத்தெலும்பிலிருந்து கிடைக்கும் காண்ட்ராய்டின் சல்பேட்டை வேதிமாற்றம் செய்து, வழக்கமான பரிசோதனைகளில் ஹெப்பாரினாகவே தேறும்படி கலந்திருக்கிறார்கள். 81 பேரின் இறப்பை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதனுடன் தொடர்புபடுத்தியது. எந்த விலங்கு, எந்த நாடு, எந்தச் சிறு பட்டறையில் குடல் சுரண்டப்பட்டது என்று கடைசிவரை தடம் பிடிக்க முடியாத சங்கிலிதான் அந்தக் கலப்படத்துக்கு வழிவிட்டது. மருந்தின் பூர்வீகத்தைக் கேட்பவரை மடிசஞ்சி என்று கிண்டல் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கணையச் சாறு சுரக்காதவர்களுக்குச் சாப்பாட்டோடு கொடுக்கும் என்சைம் கேப்சூல் பன்றிக் கணையம்தான். புழக்கத்தில் அதற்கு நிகரான மாற்று இல்லை. இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்ற நோய் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பல ஆண்டுகளாக மருத்துவர்கள் பார்த்துவருவது. அதில் சிக்கிய இளைஞர்கள் வாழ்நாள் முழுக்க இந்தக் கேப்சூலைச் சாப்பிட வேண்டிவரலாம். சுத்த சைவரும் இருப்பார், ஐவேளை தொழுபவரும் இருப்பார். சொல்லாமல் ஆயுள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருப்பது சரியா?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரல் விரியாதபோது மூச்சுக்குழாய் வழியாகச் செலுத்தும் சர்ஃபாக்டன்ட் வேறு தினுசு. ஒரு பிராண்ட் மாட்டு நுரையீரல், இன்னொன்று பன்றி நுரையீரல். குழந்தை நீலம் பாரித்துக் கிடக்கும்போது மாடா பன்றியா என்று பெற்றோரிடம் விவாதிக்க நேரம் கிடையாது. அங்கே டாக்டர் கேட்காமல் கொடுத்தால் நான் டாக்டர் பக்கம்தான்.

பாம்புக்கடி மருந்து முழுக்கவே விலங்கிலிருந்து விலங்குக்குப் போய் மனிதனிடம் வருவது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக மதிப்பீடு. அதற்கிருக்கும் ஒரே மருந்துக்கு மூலப்பொருள் பெருமளவில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியிலிருந்து போகிறது. பாம்புத்தோல் வியாபாரத்தைச் சட்டம் நிறுத்தியபின் பிழைப்பிழந்த இருளர்கள் 1978இல் அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, ஒவ்வொன்றிடமும் நான்கு முறை நஞ்செடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. காயவைத்துத் தூளாக்கிய நஞ்சு மும்பை, புனே, ஐதராபாத் பக்கத்துத் தயாரிப்பாளர்களிடம் போகும். அங்கே குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவானதும் இரத்தமெடுத்து, அதிலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். கடிபட்டு வந்தவருக்குச் சில பாட்டில்கள் குதிரைப் புரதம் ஏறுகிறது. சிலருக்கு ஒவ்வாமை வருவதும் அதனால்தான்.

வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்தியது ஞாபகம் இருக்கும். அது ஆட்டு மூளையில் வளர்த்த தடுப்பூசி. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அதுதான் தயாரானது. நரம்புத் திசு கலந்திருந்ததால் சிலருக்குப் பக்கவாதம் வரை கொண்டுபோய் விட்டது. 2004 கடைசியில் இந்தியா அதை நிறுத்தியது. இப்போது குரங்குச் சிறுநீரகத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்து, அன்றிலிருந்து ஆய்வகத்திலேயே பெருக்கிவரும் வீரோ செல்களில் வளர்க்கிறார்கள். விலங்கின் பங்கு குறையக் குறைய மருந்தும் பத்திரமானது என்பதற்கு இது நல்ல சான்று.

தயாரிப்பில் மட்டும் வந்து, மருந்தில் தங்காமல் போகும் விலங்குப் பொருள்களும் இருக்கின்றன. ஊசி மருந்துகளில் பாக்டீரிய நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க லாட நண்டின் நீல இரத்தத்தைப் பயன்படுத்துகிறார்கள். இதற்குச் செயற்கை மாற்று வந்துவிட்டது, பழைய பழக்கம்தான் மெதுவாகப் போகிறது. செல்களை வளர்க்கக் கன்றுக்குட்டி சீரம். 2021 ஜூனில் கோவாக்சினில் கன்றின் சீரம் இருக்கிறது என்று சமூக ஊடகங்களில் கிளம்பியது இதை வைத்துத்தான். செல்களை வளர்க்க மட்டுமே அது பயன்பட்டது, பிறகு கழுவி நீக்கிவிடுகிறார்கள், முடிவான தடுப்பூசியில் கிடையாது என்று சுகாதார அமைச்சகம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. தடுப்பூசித் தயாரிப்பில் இது பல பத்தாண்டு வழக்கம். முன்பே சாதாரணமாகச் சொல்லியிருந்தால் இரகசியம் வெளியானதுபோல ஒரு பரபரப்பு எழுந்திருக்காது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி, முட்டை கலந்த கேக்கில் முன்பு பழுப்புப் புள்ளி, இப்போது பழுப்பு முக்கோணம். உணவுக்கு இது 2000களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மருந்துக்கு இல்லை. கேப்சூல் அட்டையைப் பார்த்தால் மருந்தின் பெயர், அளவு, அப்புறம் 'எக்ஸிபியன்ட்ஸ் க்யூ.எஸ்.' என்று ஒரு வரி. மருந்தல்லாத சேர்மானங்கள் தேவையான அளவு என்பதற்கு மேல் அதில் எதுவும் கிடையாது. உறையில் சேர்த்த நிறம் அங்கீகரிக்கப்பட்டது என்றுகூடப் போட்டிருப்பார்கள். உறை எதனால் ஆனது என்று மட்டும் இருக்காது.

இதை எதிர்த்து ஒசைர் ஹுசைன் என்பவர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2002 நவம்பரில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அழகுசாதனப் பொருள்களிலும் மருந்துகளிலும் விலங்குப் பொருள் இருந்தால் குறியீடு போட வேண்டும், உயிர்காக்கும் மருந்துகளுக்கு மட்டும் விலக்கு என்றது நீதிமன்றம். என்னைக் கேட்டால் கோடு போட வேண்டிய இடம் ஏறக்குறைய அதுதான். ஆனால் 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. விதிகளை இப்படித் திருத்து என்று நீதிமன்றம் அரசுக்குக் கட்டளையிட முடியாது என்பது அதன் சாரம். மறுபடி பேச்சு எழுந்தபோது மருந்து தொழில்நுட்ப ஆலோசனை வாரியமும் புள்ளி வேண்டாம் என்றே சொன்னது. உணவைப்போல மருந்தை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை, டாக்டர் எழுதுகிறார், உயிர் பிழைக்கச் சாப்பிடுகிறார்கள் என்பது வாதம்.

அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. பழுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு ஹெப்பாரின் வேண்டாம் என்று மறுக்கும் குடும்பத்தை நினைத்தால் எனக்கும் பயம்தான். ஆனால் அதே வாதத்தை வைட்டமின் கேப்சூலுக்கும் இருமல் மருந்துக்கும் நீட்டுவது சாக்கு. புள்ளி வேண்டாம், சரி. உறை என்ன, சேர்மானம் எந்த மூலம் என்று அட்டையிலோ கூடவரும் காகிதத்திலோ ஒரு வரி போடுவதில் யார் உயிர் போகும்? மலேசியாவில் மருந்து லேபிளிலேயே விலங்கு மூலத்தையும் கேப்சூல் உறையின் மூலத்தையும் குறிப்பிடச் சொல்கிறார்கள். அங்கே நம் தமிழர்கள் பலர் மாட்டு ஜெலட்டின் என்று படித்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் அல்லது விடுகிறார்கள். அதனால் அங்கே மருத்துவம் நின்றுபோய்விடவில்லை.

நோயாளிகளை நம்ப முடியாது என்ற எண்ணத்துக்கு மதங்களின் நிலைப்பாடும் பெரிய ஆதாரம் தரவில்லை. 1995இல் குவைத்தில் நடந்த கருத்தரங்கில் இஸ்லாமிய அறிஞர்கள், ஒரு பொருள் முழுக்க வேறொரு பொருளாக மாறிவிட்டால் பழைய தடை நீங்கும் என்ற அடிப்படையில் ஜெலட்டினை ஏற்றார்கள். எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் நிர்ப்பந்த நிலையில் விலக்கு என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. இந்தோனேசிய உலமா சபை 2018இல் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியை ஹராம் என்று சொல்லிவிட்டு, வேறு வழியில்லாததால் போட்டுக்கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பில் அனுமதித்தது. தலைப்புச் செய்தியில் முதல் பாதி மட்டும் பரவியதால் சில மாகாணங்களில் தடுப்பூசி விகிதம் சரிந்தது வேறு கதை. பிரிட்டனின் வீகன் சங்கமும் டாக்டர் எழுதிய மருந்தை நிறுத்தாதீர்கள் என்றே சொல்கிறது. நம் ஊர்ச் சைவருக்கோ தீர்ப்புச் சொல்ல எந்தச் சபையும் இல்லை. அவரவர் மனசாட்சி, அவரவர் பாட்டி. மருந்துக்குத் தோஷமில்லை என்று சொல்லும் பாட்டிகளே அதிகம்.

ஆங்கில மருந்து வேண்டாம், சித்த மருந்துக்குப் போகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சங்கு பற்பம், பவள பற்பம், முத்துச்சிப்பி பற்பம், முட்டை ஓட்டுப் பற்பம், நண்டுக்கல், கோரோசனை, கஸ்தூரி என்று நீளும் பட்டியல் அங்கேயும் இருக்கிறது. அதைச் சித்தர்கள் மறைத்ததில்லை, மருந்தின் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

இன்றைய நிலையில் அக்கறை உள்ளவர் செய்யக்கூடியது, சீட்டு எழுதும்போதே கேட்பது. மருந்து வாங்கி வீட்டுக்கு வந்தபிறகு யோசிப்பதில் பயனில்லை. கேப்சூலுக்குப் பதில் அதே மருந்து மாத்திரையாகவோ சிரப்பாகவோ பவுடராகவோ கிடைக்குமா என்று கேட்கலாம். வைட்டமின் டி திரவமாகவும் வருகிறது. அட்டையில் ஹைப்ரோமெல்லோஸ் கேப்சூல், எச்.பி.எம்.சி. கேப்சூல் என்று போட்டிருந்தால் உறை தாவர மூலம். உறையைப் பிரித்து உள்ளிருக்கும் தூளை மட்டும் சாப்பிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. டாக்டரிடம் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. குடலில் கரைய வேண்டிய மருந்து வயிற்றிலேயே அழிந்துபோகும். 12 மணி நேரம் மெதுவாக வெளிவர வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். முன்கூட்டியே தேதி குறித்த அறுவை சிகிச்சை என்றால், ஹெப்பாரினுக்குப் பதிலாக முழுக்கச் செயற்கையான ஃபோண்டாபாரினக்ஸ் ஊசியோ, ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற மாத்திரைகளோ தன் உடல்நிலைக்கு ஒத்துவருமா என்று மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும் நாளிலேயே கேட்டுவிடலாம். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவற்றில் பல ஒத்துவராது. அப்போது பன்றிக் குடல்தான் வழி, அதைத் தெரிந்துகொண்டே போட்டுக்கொள்ளலாம்.